அக்கா பேசிய பத்திரிகை

“வணக்கங்க. எல்லாரும் சுகமா? ராத்திரி தூக்கம் வந்துச்சா? முட்டிவலிக்காரங்க மெதுவா எந்திரிங்க, செய்தி எங்கயும் ஓடிப் போயிடாது.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நடுவிலிருந்த குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் அக்கா வாயை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தாள். குரல் வந்தது கடைசி வரிசையிலிருந்த தையல்காரரின் போனிலிருந்து. காது மந்தமான மனிதர். காலையில் எடுக்கத் தவறிய அழைப்பைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விரலால் தட்டிவிட்டார்.

“கிழக்குத் தெருவுல மத்தியானம் கரண்டு இருக்காது. துவைக்கிற மெஷின் வச்சிருக்கவங்க இப்பவே துணியப் போட்டுருங்க. கையால துவைக்கிறவங்களுக்குக் கவலை இல்ல, அவங்களுக்கு இடுப்புதான் போகும்.”

தையல்காரர் போனைத் திருப்பினார், குலுக்கினார், கடைசியில் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தும் அக்கா விடாமல் பேசினாள். யாரோ சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக மாற்றினார்கள். அக்காவின் தம்பி, அவள் போனில் வாசிக்கும் பத்திரிகையை நடத்துபவர், எழுந்துபோய்ப் போனை வாங்கி அணைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு இதுல எடுக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. அவங்க பேசி முடிச்சா அதுவாவே நின்னுடும்.”

“பரவாயில்லைங்க” என்றார் தம்பி.

அக்கா எப்போதும் முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் பதிப்பைப் பேசிப் பதிந்துவிடுவாள். நேற்றும் பேசினாள், சாப்பிட்டாள், படுத்தாள். விடிகாலையில் தம்பி மகள் போய்த் தொட்டபோது கை சில்லிட்டிருந்தது. அந்தப் பதற்றத்தில், ஆறு மணிக்குத் தானாகக் கிளம்பும் அழைப்புகளை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சந்தாதாரர் வீடுகளிலெல்லாம் போன் மணி அடித்தது. எடுத்தவர்களையெல்லாம் அக்கா நலம் விசாரித்தாள். அதனால் அவள் போய்விட்டாள் என்பதை யாரும் நம்பவில்லை. “இப்பத்தானே பேசினாங்க, யாருப்பா இப்படிக் கிளப்பி விடுறது?” என்று ஒரு அம்மாள் தம்பியையே அதட்டினாள்.

ஒருகாலத்தில் அது காகிதத்தில் வந்த பத்திரிகை. வாடகைக்கு வீடு, வேலைக்கு ஆள், பழைய கட்டில் என்று பின்பக்கம் முழுக்க வரி விளம்பரங்கள். அவையெல்லாம் போனுக்குள் குடிபோன பிறகு தம்பி செய்யாத வித்தை இல்லை. காலைப் பத்திரிகையை மாலைக்கு மாற்றினார். சமையல் பக்கம் போட்டார். சந்தா கட்டினால் பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் சந்தாவை நிறுத்தினார்கள். எழுத்து பொடியாக இருக்கிறது என்றார்கள், பெரிதாக்கினார். இப்போது செய்தி குறைந்துபோய்விட்டது என்றார்கள்.

அக்கா விளம்பர மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பேப்பர் வரவில்லை, கண்ணாடி உடைந்துவிட்டது, கண்ணில் ஆபரேஷன் என்று யார் கூப்பிட்டாலும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்காட்ட ஆரம்பித்துவிடுவாள். நடுவே மருமகள் கதை, மாத்திரைக் கதை எல்லாம் ஓடும்.

“விளம்பரம் வர்ற லைன அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, அக்கா.”

“எங்கடா வருது? வந்தா எந்திரிச்சு வழி விடுறேன்.”

படித்துக்காட்டச் சொல்லிக் கூப்பிடுபவர்கள் கூடிக்கொண்டே போனதைக் கவனித்தது மகள்தான். “அப்பா, ஜனங்க தேடுறது பேப்பர இல்ல, அத்தைய” என்றாள். காகிதத்தை நிறுத்திய அன்று தம்பி அலுவலகத்துக்கே போகவில்லை. அதற்குப் பதில் தினமும் காலையில் சந்தாதாரர்களின் போனில் அக்கா செய்தி பேசினாள்; எடுக்கத் தவறினால் திருப்பிக் கூப்பிட்டும் கேட்கலாம். நின்றுபோன சந்தாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மகள் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எட்டு மணிக்குள்ள நாளைக்கு உள்ளத ஏத்தணும்ப்பா.”

“ஒருநாள் விடுமுறை விட்டா என்ன?”

“ஒருநாள் விடலாம். அப்புறம்? நிருபருங்க ரெண்டு பேரும் இன்னைக்குப் பூரா என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. வேலை இருக்குமா இருக்காதான்னு கேக்க முடியாம கேக்குறாங்க. அத்தைக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் படிச்சேனே, என்ன சொன்னாங்க?”

“டீச்சர் அதட்டுற மாதிரி இருக்குன்னாங்க.”

“உங்களை?”

“வாய்க்குள்ள முனகுறேன்னாங்க. தெரியும், சொல்லு.”

மகள் மடிக்கணினியைத் திறந்தாள். “திட்டாதீங்க. மத்தியானம் எனக்கு வேற என்ன செய்யுறதுன்னு தெரியல. அதான் செஞ்சு பாத்தேன்.”

இத்தனை வருஷமாக அக்கா பேசியதெல்லாம் கணினியில் இருந்தது. அதை வைத்து, எதை எழுதிக் கொடுத்தாலும் அக்கா குரலிலேயே படிக்கும்படி செய்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“அன்பான வாசகர்களே, நம் பத்திரிகையின் குரலாக இருந்தவர் நேற்று விடிகாலையில் காலமானார். வயது எழுபத்திரண்டு.”

அக்காதான். ‘காலமானார்’ என்பதை லேசாக இழுக்கிற அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. தம்பி மடிக்கணினியின் பக்கம் குனிந்தார்.

“இன்னொரு தடவை போடு.”

போட்டாள்.

“யாருக்கும் வித்தியாசம் தெரியாதுப்பா.”

“தெரியாதுதான்.” அவர் மூன்றாவது முறையும் கேட்டார். “ஆனா யாருன்னு சொல்லலியே.”

“எது?”

“சாவுச் செய்தி படிச்சா அக்கா யாருன்னு சொல்லுவாளே. ‘தெரியும்ல, திருப்பத்துல சைக்கிள் கடை வச்சிருந்தாரே, ஊர் சைக்கிளுக்கெல்லாம் பிரேக் போட்டுட்டுத் தன்னோடத மட்டும் காலால நிறுத்துவாரே, அவருதான்’னு. இது வயசோட நிறுத்திக்கிச்சு.”

“எழுதிக் கொடுத்தா அதையும் சொல்லும். எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தம்பி தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனார். ஊரில் இறந்துபோன முக்கால்வாசிப் பேருக்கு இரங்கல் எழுதிய கை. ‘கலகலப்பானவர்’ என்று எழுதிவிட்டு அடித்தார். அதே சொல்லைப் போன மாதம் ஒரு வட்டிக்கடைக்காரருக்கும் போட்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதினார். அதையும் அடித்தார்.

நாளெல்லாம் ஊரோடு பேசிவிட்டு வரும் அக்கா, வீட்டில் அதிகம் பேசமாட்டாள். தட்டைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்பாள். அவ்வளவுதான். அலுவலகத்தில் அவர் அடுத்த மேசையில் இருந்தார். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் சிரிப்பது கேட்கும். “ம்… அப்படியா… அப்புறம்?” என்பாள். என்ன அப்புறம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் வந்து எட்டிப் பார்த்தபோது தாளில் அடித்த கோடுகள்தான் இருந்தன.

“வரலம்மா. எனக்கு அவளப் பாதிதான் தெரியும்.”

“மீதி?”

“போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட இருக்கு.”

“அப்ப அதையே அவங்ககிட்ட சொல்லுங்கப்பா” என்றாள் மகள். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு நடந்தாள். எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் அக்கா பேசுவாள். தம்பி அதில் உட்கார்ந்தார். துணிகள் முகத்தில் பட்டன. சோப்பும் தைலமும் கலந்த வாசனை. ஒதுக்கிவிடப் போன மகளை, “இருக்கட்டும்” என்று தடுத்தார்.

“வணக்கங்க. நான் அவங்க தம்பி பேசுறேன். முனகலாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. அக்கா நேத்து விடியக்காலம் காலமாயிட்டாங்க. நேத்துக் காலையில நீங்க கேட்டது அதுக்கு முந்தின நாள் பேசி வச்சது. வதந்தி இல்லைங்க, உண்மைதான்.”

நிறுத்தினார். முக்காலியை இன்னும் உள்ளே நகர்த்தினார்.

“யார் செத்தாலும் அவங்க யாருன்னு அக்கா சொல்லுவாங்க. நான் அக்காவப் பத்தி எழுத உக்காந்தேன், எழுத வரல. உங்ககூட அவங்க என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. இதே நம்பருக்குக் கூப்பிட்டு, மணிச் சத்தம் கேட்டதும் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் சரி, சண்டை போட்டிருந்தா அதையும் சொல்லுங்க. நாளைக்குப் பதிப்புல உங்க குரல்லயே போடுறோம்.”

அவ்வளவுதான் என்பதுபோல மகளைப் பார்த்தார். ஆனால் இன்னும் ஏதோ சொல்ல வந்த வாய் மூடவில்லை. மகள் நிறுத்தும் பொத்தானின்மேல் விரலை வைத்தபடி அழுத்தாமல் இருந்தாள். வாசலில் வாடகை நாற்காலிகளை யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமும் பதிவாகிக்கொண்டிருந்தது.