பதினாலு நாள் கெடு

சக வக்கீல்கள் அவருக்கு வைத்த பேர் 'சிமென்ட் வக்கீல்'. பன்னிரண்டு வருஷம் எஞ்சினியராகப் பாலம் கட்டிவிட்டு, அப்புறம் சட்டம் படித்து வந்தவர். அரசாங்க ஒப்பந்தத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாதாடும்போது, இவர் கம்பிக் கணக்கே சொல்லுவார். அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதுதான் காலை வாரிவிட்டது.

வழக்கு வேறு யாருடையதும் அல்ல, சொந்த அக்காவின் கணவருடையது. மாமா ஒரு காண்ட்ராக்டர்; அரசாங்க வேலை தவிர வேறெதுவும் எடுத்துப் பழக்கமில்லை. ஆற்றுப்பாலம் ஏழு மாதம் தாமதம் என்று சொல்லி, துறை அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு எந்த டெண்டரிலும் கலந்துகொள்ள முடியாது. ஐம்பத்தெட்டு வயது மனுஷனிடம் அப்படிச் சொன்னால், கடையைக் கட்டு என்றுதானே அர்த்தம்?

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. துறை கொடுத்த மண் பரிசோதனை அறிக்கையில் எட்டு மீட்டரில் பாறை என்று இருந்தது. தோண்டினால் பதினாறு மீட்டர் வரைக்கும் பொலபொலவென்று மணல். இப்படி மண் மாறினால் பதினாலு நாளுக்குள் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் அவகாசம் கிடையாது என்பது ஒப்பந்த விதி. ஊரில் உள்ள காண்ட்ராக்டர்களுக்கெல்லாம் அந்த விதியைப் படித்துப் படித்துச் சொன்னவரே நம்ம சிமென்ட் வக்கீல்தான்.

அந்தக் கடிதத்தை எழுதத்தான், மணல் கண்ட அன்றைக்கே மாமா அவரைச் சைட்டுக்கு வரவழைத்தார். லெட்டர்பேடும் கையுமாக நின்றார். வக்கீல் குழியை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், வந்த வேலை மறந்துபோயிற்று. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, மணலை அள்ளி நசுக்கிப் பார்த்தார். குழியின் பக்கங்கள் சரிய ஆரம்பித்திருந்தன.

"லெட்டர் போட்டா, பதில் வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தச் சொல்லுவாங்க மாமா. அதுக்குள்ள குழி மூடிக்கும். முதல்ல இரும்புக் குழாய இறக்குங்க. லெட்டர் அப்புறம் பாத்துக்கலாம்."

துறை எஞ்சினியரும் கூடவே நின்று தலையாட்டினார். மூன்று வாரம் வக்கீல் தினமும் சைட்டுக்குப் போனார். கோர்ட்டில் ஒருநாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கடிதம் ஞாபகம் வந்தபோது கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மேல்முறையீட்டு விசாரணையில் இரண்டு மணி நேரம் பேசினார். மண், ஆழம், குழாய் என்று எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். விசாரணை அதிகாரி நல்ல மனுஷர், ஆசையாகவே கேட்டார். கடைசியில், கடிதம் இருக்கிறதா என்றார்.

"வாயால சொன்னோம் சார். நானே பக்கத்துல இருந்தேன்."

"நீங்க இங்க வக்கீலா வந்திருக்கீங்களா, சாட்சியா வந்திருக்கீங்களா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். துறை எஞ்சினியரோ மாற்றலாகிப் போன இடத்திலிருந்து, எதுவும் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாவி! உத்தரவு வந்தது. அடித்தளத்தை ஆழப்படுத்தியது முற்றிலும் சரி, அதனால்தான் பாலம் நிற்கிறது என்று அரைப் பக்கம் பாராட்டு. அதற்குக் கீழே மனு தள்ளுபடி.

உத்தரவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா படித்துவிட்டுக் கணவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே வக்கீலை வைத்துக்கொண்டு ஒரு கடிதம் போடத் துப்பில்லையா, முப்பது வருஷமாக என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கேட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, மறந்து தொலைத்துவிட்டேன் என்று முனகினார். பேசாதே என்று மச்சினனுக்குக் கண்ணைக் காட்டினார்.

வக்கீல் குறுக்கே புகுந்தார். "அக்கா, மாமா மறக்கல. லெட்டர்பேட எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்டா. உனக்கா சட்டம் தெரியாது? நீயா அப்படிச் சொல்லுவ? மாமாவ விட்டுக்கொடுக்காம பேசற, எனக்குப் புரியாதா?"

அவர் தேதியைச் சொன்னார். நின்ற இடத்தைச் சொன்னார். பேசிய பேச்சை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் மாமாவைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி.

மாமா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"உன் தம்பிக்கு என்மேல பாசம், அதான் இப்படிச் சொல்றான்" என்றார் அக்காவிடம். "மறந்தது நான்தான்."