நிஷாந்தியின் கையிலிருக்கும் கிளிப்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மலையகத்து வட்டகொடை ரயில் ஸ்டேஷனில் ஒட்டுக்கேட்டது. ஒரு பெண் போனில், "பொய் சொல்லணும்னாலும் என்ன நடந்துச்சுன்னு தெரியணுமில்ல" என்றாள். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2
தொடக்கம்: பனி மூடிய மலைச்சரிவில் ஒரு...

(வேண்டாம். இதற்குப் பனியே ஆகாது. ஈரமில்லாத தை மாதக் காற்றும் கம்பளிச் சுவெட்டரும் வேண்டும். அப்போதுதான் உடம்பில் நிலைமின் ஏறும்.)

மறுபடி: தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், மின்சாரப் பட்டறையில் நிஷாந்திதான் முதல் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு புது சர்க்கிட் போர்டுகள் வந்திருந்தன. தன் உடம்பு மின்சாரம் போர்டைக் கொன்றுவிடாமலிருக்க மணிக்கட்டில் பட்டியைக் கட்டி, அதன் வயர் கிளிப்பை வழக்கம்போல் மூலையிலிருந்த இரும்புக் குழாயில் மாட்டினாள். குழாய் மண்ணுக்குள் போகிறது, உடம்பு மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும், அதுதான் எர்த். முதல் போர்டைப் பொருத்தினாள். இயந்திரம் அசையவில்லை.

3
மூன்றாம் வரைவு வரை எனக்கே தெரியாது: பொங்கல் லீவில், குழாய் வேலை பார்க்கும் பிட்டர் முத்துலிங்கம் துருப்பிடித்த பைப்பை மாற்றியிருந்தார். வெளியே தெரிவதுதான் இரும்பு. சுவருக்கு அந்தப் பக்கம் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே?" என்றாள் நிஷாந்தி, போர்டு போன பிறகு விஷயம் தெரிந்து.

"தண்ணி வந்தா போதும்னுதானே புள்ள மாத்துனேன்."

(பைப்பில் தண்ணீர் நின்றிருந்தால் அதுவே கொஞ்சம் கடத்தியிருக்கும். அன்று தண்ணீர் வந்ததா? அவளுக்கு நினைவில்லை. விரலிலும் எதுவும் உறைக்கவில்லை. மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழே உறைக்காதாம். போர்டு அதற்கு வெகு முன்பே போய்விடும். ஒருவேளை அது வரும்போதே செத்துத்தான் வந்ததோ என்னவோ. எழுதுகிற எனக்கே தலை சுற்றுகிறது.)

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஜனார்த்தனனுக்குப் பைப் விஷயம் தெரியாது. அவர் சொன்னார்: "கம்பெனிக்காரன் கெட்ட போர்டு அனுப்பிட்டான்னு எழுதிக் குடு. ஒன் வேலையும் பெர்மனன்ட் ஆயிரும்."

"அப்படித்தானான்னு எனக்குத் தெரியலைங்க ஐயா."

"தெரியலன்னா எழுதுறதுல என்ன?"

அவளுக்குப் பயம்தான் வந்தது.

4
முடிவு அ: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், வேலை...
முடிவு ஆ: எழுதிக் கொடுத்துவிட்டு, அதே குழாயில்...

இரண்டையும் அடித்துவிட்டேன். இன்று இரண்டாவது போர்டு. கிளிப்பை இடம் மாற்றினால் டீமேக்கர் காரணம் கேட்பார், பைப் விஷயம் வெளியே வந்துவிடும். மாற்றாவிட்டால் இதுவும் போகலாம். போகாமலும் இருக்கலாம்.

நிஷாந்தி பட்டியைக் கட்டிவிட்டாள். இடப்பக்கம் குழாய். வலப்பக்கம் இயந்திரத்தின் எர்த் வயர். டீமேக்கர் பக்கத்திலேயே நிற்கிறார்.

எனக்குக் கை ஓடவில்லை. இந்தாருங்கள் கிளிப், நீங்களே மாட்டுங்கள்.