குடியில்லை

ஜல்லிமேட்டில் குடியில்லை என்று எழுதியவர் ஒரு சாயங்காலம் வந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்நேரம் நேராக நடக்கிற ஆம்பளையைத் தேடித்தான் பிடிக்கணும்.

ஆனால் சென்சஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1981 சென்சஸ் எடுத்தபோது எங்கள் ஊரில் ஒருத்தரும் குடியிருக்கவில்லை என்று அதில் இருந்தது.

ஆவூர்ப் பக்கம் குவாரிப் பள்ளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. தாத்தா காலத்திலிருந்து கல்லுடைக்கிறோம். நாங்கள் இப்போதுதான் வந்து ஆக்கிரமித்தவர்கள், காலி செய்ய வேண்டும் என்று தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. புதன்கிழமை விசாரணை. "பழைய சென்சஸ் புத்தகத்துல ஊர்ப் பேரும் ஆள்கணக்கும் இருந்தா நல்ல ஆதாரம்மா" என்றார் வக்கீல். ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு காலேஜ் நூலகத்தில் போய்த் தேடினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இதை எதிர்த்தரப்பு பார்த்தால் எங்கள் கதை முடிந்தது.

அப்பா ஆரோக்கியதாஸிடம் கேட்டேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் சின்னப் பய. அதுக்கு முன்னாடி ஒருதரம் ஜீப்புல வந்து ஆம்பளைங்கள குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்ரேசனுக்கு ஏத்திக்கிட்டுப் போனாங்க. கல்யாணமாகாத எங்க சித்தப்பனையும் விடல. அதனால, ஆளு எழுத வாராங்கன்னதும் ஊரே பள்ளத்துக்குள்ள எறங்கிருச்சு. ஒன் அத்த கைக்கொழந்த. அழுதுறக் கூடாதுன்னு நாந்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

"இத புதன்கெழம வந்து சொல்லுங்கப்பா."

"ஆபீசருங்க முன்னாடியா? என்னால ஆகாது தாயி." எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் ஈ காக்கை இல்லை. அப்பாவும் இல்லை. எல்லா வீட்டிலும் பூட்டு. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நான் கலைமதிங்க, ஸ்கூல் டீச்சர். சென்சஸுக்கு இந்தப் போன்ல வீட்டுக் கணக்கு எழுத வந்தேன். ஊருல யாருமே இல்லையா? பூட்டுன வீடுன்னு போட்டுட்டுப் போகவா?"

இடிக்க அளந்து பார்க்க வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்க வேண்டும். நாளைக்கு ஒருத்தி இன்னொரு நூலகத்தில் இன்னொரு புத்தகத்தைத் திறந்து, இங்கே எல்லாம் பூட்டிய வீடு என்று படிப்பாள். அப்போது கேட்பதற்கு அவளுக்கு அப்பாகூட இருக்க மாட்டார்.

"போயிராதீங்க டீச்சர், இந்தா வந்துட்டேன்" என்று ஓடினேன்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே பாறை நிழலில் ஊரே குந்தியிருந்தது. பக்கத்து வீட்டுச் சந்தனமேரி அக்கா பேத்தியை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பொத்துவதற்கு இப்போது குழந்தை இல்லை. தன் வாயையே பொத்திக்கொண்டிருந்தார்.

"வந்திருக்கது இடிக்க இல்ல, எழுத. எம்பத்தொண்ணுலயும் இங்கதான ஒளிஞ்சீங்க? அதான் நம்ம ஊருல ஆளே இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க. இன்னைக்கும் ஒளிஞ்சா இருந்த தடமே இல்லாமப் போயிருவோம்."

ஒருத்தரும் அசையவில்லை. தெருவில் டீச்சர் கிளம்பிவிட்டால் அவ்வளவுதான்.

கடைசியில் அப்பா எழுந்தார். முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினார். டீச்சர் முன்னால் போய் நின்றார். பெயரைச் சொன்னார்.

"வீட்டுல எத்தன பேருங்க?"

அப்பா பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு விட்டுப்போனவங்களையும் சேத்துச் சொல்லவா?"

டீச்சர் போனிலிருந்து தலை நிமிர்ந்து அவரையே பார்த்தார். அதற்கு அந்தப் போனில் இடம் கிடையாது.

"ரெண்டு பேருன்னு போட்டுக்கங்க" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அவங்கள நான் புதன்கெழம வந்து சொல்லிக்கிறேன்."