கருப்பு டேப் சுற்றிய டப்பா

மொட்டை மாடியில் டப்பாவைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதைக் கட்டியிருந்த குழாயில் டேப்பின் பசை மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரமே இருபது நிமிடம். அதில் நான்கு நிமிடம் படியேறுவதற்கே போயிருந்தது. போட்டோக்காரி குழாயைச் சுற்றிச் சுற்றித் தடவினாள், என்னவோ டப்பா அதற்குள் புகுந்து ஒளிந்துகொண்டதுபோல.

பார்சல் பிரிக்கும் அந்தக் கிடங்கில் அவளுக்கு அதுதான் பெயர். வருடக் கடைசியில் இரண்டு மாதம் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. அது தெரிந்தும் மூன்று வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் ஒரே பேருந்து நிறுத்தத்தைப் படம் எடுப்பது முதலாவது. வேலை நேரம் கூடிய வாரமே அது படுத்துவிட்டது. கூட வேலை செய்பவர்களின் கைகள், நாற்பது ஜோடி, இரண்டாவது. சூப்பர்வைசர் கை மட்டும் பாக்கி. "நிக்க எங்கம்மா நேரம்" என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதுதான் டப்பா. பழைய டீத்தூள் டின், உள்ளே வெளிச்சம் பட்டால் கறுக்கும் போட்டோ தாள், பக்கத்தில் ஓர் ஊசித் துளை. ஆறு மாதம் அசையாமல் இருந்தால் சூரியன் போகும் பாதை தாளில் கோடு கோடாகத் தானே விழும். அவளிடம் நேரம் கேட்காத ஒரே படம். மற்ற இரண்டும் நின்றபோதெல்லாம், மாடியில் அது பாட்டுக்கு வரைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். இன்னும் மூன்றே நாள் இருந்தது.

கீழே பார்சல்கள் ஓடும் பெல்ட் ஓரத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"சார், மாடியில என் டப்பா ஒண்ணு இருந்துச்சு."

"கருப்பு டேப் சுத்தினதா? அது போய் அஞ்சு வாரம் ஆச்சே."

"போச்சுன்னா?"

"டெலிவரிக்கு. டேங்க் பார்க்கப் போனேன், அட்ரஸோட ஒரு பார்சல் அங்க கிடக்கு. எவனோ சோம்பேறி விட்டுட்டுப் போயிட்டான்னு ஸ்டிக்கர் ஒட்டி பெல்ட்ல போட்டுட்டேன்."

காற்றில் விழுந்தால் யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று டப்பாவில் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதியதே அவள்தான். டேப்பும் முகவரியும் இருந்தால் அந்தக் கட்டிடத்தில் எதுவும் பார்சல்தான்.

"கிடக்கலை சார். குழாயோட கட்டியிருந்தேன். மூணு சுத்து."

"ஆமா, பிரிக்கிறதுக்குள்ள என் நகமே போச்சு."

"கட்டிப்போட்ட பார்சலை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"இந்த சீசன்ல எதைத்தான் பார்க்கலை? போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு. சேர்ந்திருந்தா என்ன கம்ப்ளெயின்ட்?"

பதில் சொன்னால் வாய் தவறிவிடும் என்று வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"வந்துச்சே" என்றாள் அக்கா. "சமையலறை ஜன்னல்ல, உன் பேரு உள்பக்கம் தெரியிற மாதிரி வெச்சிருக்கேன்."

"ஏன்க்கா சொல்லலை?"

"ரெண்டு தடவை சொன்னேன். தூக்கத்துல ம்ம்னு முனகினே. சமையலறைப் பக்கமும் நீ எட்டிப் பார்க்கிறதில்லை. நான் பிரிக்கலைடி. அதுக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லு."

துளையைத் துணியால் மூடச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை, போர்வைக்குள் தாளை உருவினாள். மாடிச் சூரியனின் கோடுகள் வில்வில்லாக இருந்தன. பெயர் உள்ளே பார்த்ததால் துளை வெளியே பார்த்திருந்தது. அதனால் வில்களுக்குக் குறுக்கே ஜன்னல் கம்பிகள், எதிர்வீட்டுச் சுவர், ஐந்து வாரச் சூரியன் வேறு சாய்வில்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் அக்கா, தோளுக்கு மேலிருந்து.

"அதுதான்க்கா எரியுது."

பாழாகியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். இது அவள் படமும் இல்லை, அவள் படம் இல்லாமலும் இல்லை. கேட்காமல் பிய்த்த கையும் இதில் பங்குக்கு வந்துவிட்டது.

கேமராவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவள், பெல்ட் ஓடத் தொடங்கியதும் சூப்பர்வைசரின் வழியை மறித்து நின்றாள்.

"கை ரெண்டையும் நீட்டுங்க சார்."

"இப்பவா? வெளிய நாலு வண்டி நிக்குது."

"நிக்கட்டும்."

பெல்ட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்கேனர்க்கார அக்கா குரல் கொடுத்தாள்: "நீட்டிருங்க சார். இல்லேன்னா உங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி பெல்ட்ல விட்டுடுவா."

நாலு பேர் சிரித்தார்கள். அவர் நீட்டினார். வலது கட்டை விரல் நகம் பாதி பிய்ந்து, கறுத்து, கீழே புதிது அரைகுறையாக முளைத்திருந்தது.

"இதுதானா?" என்றாள்.

"இதுதான்."

பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை. நகத்துக்கு நேராக லென்ஸைத் திருப்பினாள். ஒன்று எடுத்தாள். கோணம் மாற்றி இன்னொன்று. பெல்ட்டின் கடைசியில் எடுக்க ஆளில்லாமல் பார்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

"போதுமாம்மா?"

"அசைக்காதீங்க" என்றாள். "இன்னும் முடியலை."