பாலை மரத்தடிக் குழி

வீரம்மாவின் சவப்பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகும் குழி வெட்டவில்லை. பொழுதுபட முதல் எடுத்துவிட வேண்டும். மயானத்தில் பிரச்சினை என்று யாரோ வந்து சொல்ல, மகள் சுமித்திரா அவிழ்ந்த தலையோடு சைக்கிளை எடுத்தாள். பெண்கள் அங்கே போவதில்லை. ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை.

"என்னைய உங்கப்பா பக்கத்துல போட்டுரு" என்று அம்மா சாக முதல் கேட்டது அவளிடம்தான்.

அப்பா எங்கே என்பதுதான் வில்லங்கம். குளக்கட்டை உயர்த்தியபோது பழைய மயானம் தண்ணீருக்குள் போய்விடும் என்று எலும்புகளைத் தோண்டி மேட்டுக்காணியில் புதைத்தார்கள். அந்த வருசம் சுமித்திராவின் குடும்பம் கூலிவேலைக்கு ஓமந்தையில் இருந்தது. பிரதேச சபையின் வரைபடத்தில் பாலை மரத்தடிக் குழி அப்பாவுடையது. கோயில்காரர் எழுதி வைத்ததிலோ அதே குழி அப்புத்துரையின் தகப்பனுடையது.

அப்புத்துரை ஊரின் பழைய கமக்காரர், வயல்காணி உள்ளவர். குழிமேட்டில் காலை அகட்டி நின்றார். எதிரே சுமித்திராவின் அண்ணன் ராஜரத்தினம், கையில் மண்வெட்டி.

"தோட்டக்காட்டாரை எங்கட அப்பற்ற பக்கத்தில வெட்ட விடமாட்டன்."

மலைநாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சொல்லுகிற சொல். முகத்துக்கு நேரே சொன்னார். அண்ணனின் கை பிடியில் இறுகியதைக் கண்டு சுமித்திரா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஐயா, மரம் விழுந்து எங்கட அப்பாவுக்குக் கால் முறிஞ்சது. உள்ளுக்குத் தகடு வச்சவை. தோண்டிப் பாப்பம். தகடு இல்லாட்டி நாங்கள் வேற இடம் பாக்கிறம்."

"இருந்தா?"

"நீங்கள் விலகோணும்."

அவர் குழிமேட்டிலிருந்து இறங்கினார். பிறகு, "தோண்டு" என்றார்.

முழங்கால் ஆழத்தில் உக்கிக் கிழிந்த உரப்பை தெரிந்தது. அண்ணன் கையாலே பிரித்தான். ஒரு கால் எலும்பில் தகடு ஆணிகளோடு அப்படியே இருந்தது. சுமித்திரா "அப்பா" என்றாள்.

அண்ணன் அசையவில்லை. "தங்கச்சி, இஞ்ச பார்."

அதே பைக்குள் இரண்டு மண்டையோடுகள்.

அப்புத்துரை குனிந்து பார்த்தார். "ஒரே பையில கொட்டியிருக்கிறாங்கள்... எங்கட அப்பரை வெளியில எடு. இப்பவே எடு!"

"எது அவர் எண்டு காட்டுங்கோ ஐயா. எடுக்கிறம்." குத்திக்காட்ட அல்ல, உண்மையாகவே கேட்டாள்.

அவர் குழிக்குள் இறங்கினார். ஒரு மண்டையோட்டைத் தூக்கிப் பார்த்து வைத்தார். மற்றதைத் தூக்கினார். தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. பிரேதத்தை எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு அவற்ற முகமே நினைவில்லை," என்றார் அவர். "சின்னப் பெடியன் நான், அவர் போகேக்க."

பறை கிட்ட வந்துகொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த சால்வையை விரித்து, எல்லா எலும்பையும் ஒன்றாக வைத்துச் சுற்றினார்.

"இதை மூடு. கொம்மாவுக்கு இந்தப் பக்கம் வெட்டு. அங்கால வேர் இருக்கு."

பெட்டி வந்து சேர்ந்தபோது குழி பாதிதான் இறங்கியிருந்தது. அண்ணன் களைத்து நிற்க, அப்புத்துரை மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

மண் போட்டு முடிந்ததும் அவர் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்.

"எட்டுச் செலவுக்கு வாங்கோ ஐயா," என்று எட்டாம் நாள் படையலுக்குச் சுமித்திரா பின்னால் நின்று கூப்பிட்டாள்.

அவர் ஒருமுறை நின்று, சால்வையில்லாத தோளைத் தடவிவிட்டு நடந்தார்.