நெரிஸ் தேர்ந்தெடுத்த அங்கவடி

நெரிஸ் பிரிச்சர்டுக்கு, சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கிற இரும்பை, அதாவது அங்கவடியைப் பொறுக்கிக் கொடுக்க யாரும் தேவையில்லை. முப்பத்தொரு வருஷமாகக் குதிரை மேல் உட்கார்ந்தவள். எந்த இரும்பு எந்தக் காலுக்குச் சரிப்படும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வியாழக்கிழமை மதியம் அவள் சேணக் கடைக்குள் நுழைந்ததும், கடைக்காரி டில்லி காந்தம் வைத்த புதுச் சரக்கு வந்திருப்பதாக ஆரம்பித்தாள். நெரிஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். காந்தம் கீந்தம் எல்லாம் வேண்டாம், விழுந்தால் காலை விட்டுவிடுகிற இரும்பு வேண்டும், மூன்று ஜோடி கொடு, சோதித்துப் பார்த்து இரண்டைத் திருப்பிவிடுகிறேன் என்றாள்.

சவாரி பூட்ஸோடுதான் வந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் காலை நுழைத்து, பூட்ஸின் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் போகிறதா என்று பார்த்தாள். இடைவெளி குறைந்தால் கால் சிக்கும், கூடினால் பாதம் முழுக்க உள்ளே வழுக்கிப் போய்விடும். முதல் ஜோடியில், கால் வழுக்கி வெளியே வருவதற்காக வெளிக்கம்பியை வளைத்திருந்தார்கள். இரண்டாவதில் வெளிக்கம்பி கதவு மாதிரி திறந்துகொள்ளும். மூன்றாவதில் வெளிப்பக்கம் கம்பியே கிடையாது, தடித்த ரப்பர் வளையம் ஒன்றை இழுத்து மாட்டியிருக்கும். அதைக் கண்டதும் டில்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏய், இது சின்னப் பசங்க மாட்டுறதாச்சே. ஞாயித்துக்கிழமை சவாரிக் கூட்டம் உன்னை ஓட்டியே கொன்னுடும்."

"கொல்லட்டும். தரை என்ன வயசு கேட்டுட்டா எலும்பை உடைக்குது?"

மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாயில் இருந்த தைரியம் முழுக்க மனசில் இல்லை. சனிக்கிழமை லட்லோ ஊரிலிருந்து ஒருவர் கெத்தினைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

கெத்தின் அவளுடைய குதிரை. செம்பழுப்பு நிறம், பானை வயிறு, ஆப்பிளைக் கண்டால் மானம் மரியாதை பார்க்காது. மார்ச் மாதம் ஒரு காலையில் சந்துப் பாதையில் அவள் அதன் மேலிருந்து விழுந்தாள். வலது கால் அங்கவடியில் மாட்டிக்கொள்ள, குதிரை அவளை இழுத்துக்கொண்டு போனது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். இடது தோள் இரண்டாக உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே கணவன் இட்ரிஸ் சொல்லிவிட்டான், ஆளை இழுத்துக்கொண்டு போகிற குதிரை நம் வீட்டில் வேண்டாம் என்று. ஆறு மாதம் சண்டை பிடித்து அவள் வாங்கிய ஒரே சலுகை இதுதான்: காலை விடுகிற அங்கவடி ஒன்றைக் கண்டுபிடித்து அவன் கண் முன்னால் நிரூபித்தால், கெத்தின் இருக்கும். இல்லையென்றால் லட்லோ.

இட்ரிஸ் லாரி மெக்கானிக். எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டான். கொட்டகையில், பிள்ளைகளுக்குச் சேணத்தில் உட்காரக் கற்றுக்கொடுக்க நாலு கால் வைத்துத் தரையோடு முடுக்கிய பீப்பாய் ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் அதன் மேல் சேணத்தைக் கட்டி, கீழே வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவள் இடுப்பில் சரக்குக் கட்டும் லாரிப் பட்டை ஒன்றையும் மாட்டிவிட்டான். உடையாத தோள் பக்கமாக, வலது காலை இரும்பிலேயே விட்டுவிட்டுத் தலைகீழாகச் சரிய வேண்டும். அவன் பட்டையைப் பிடித்து இழுப்பான். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு இது தேவையா என்று கேட்டால், தேவைதான்.

வளைந்த கம்பி இரண்டாவது இழுப்பில்தான் காலை விட்டது. கதவுக் கம்பி முதல் இழுப்பிலேயே திறந்துகொண்டது. ரப்பர் வளையமோ டப்பென்று கழன்று, பறந்துபோய் இட்ரிஸின் மூக்கில் அடித்தது. அவள் வைக்கோலில் கிடந்தபடி சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆறு மாதத்தில் இப்போதுதான் சிரிக்கிறான்.

ரப்பர்தான் என்று அவள் அடித்துச் சொன்னாள். கதவுக் கம்பிக்குள் ஸ்பிரிங் துருப்பிடித்தால் யாருக்குத் தெரியும்? ரப்பர் வெடித்திருந்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும், புதிதாக ஒன்று மாட்டிவிட்டுப் போகலாம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். லட்லோ ஆளுக்கு இப்போதே போன் போடு என்றாள்.

இட்ரிஸ் போனைத் தொடவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டே கொட்டகை மூலைக்குப் போய், சாணி அள்ளும்போது அவள் போடுகிற பச்சை ரப்பர் பூட்ஸை எடுத்து வந்தான். அகல மூக்கு, அடியில் டிராக்டர் டயர் மாதிரி பள்ளம் பள்ளமாக இருக்கும்.

"இதைப் போட்டு ஒரு தரம்."

அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். "இதைப் போட்டுட்டு எவ குதிரை ஏறுவா?"

"எவளும் ஏற மாட்டாதான். சும்மா பாரேன்."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று போட்டுக்கொண்டாள். இரும்புக்குள் நுழைக்கவே பூட்ஸை அழுத்தித் திருக வேண்டியிருந்தது. சரிந்தாள். ரப்பர் வளையம் கழன்றது, ஆனால் கால் வரவில்லை. பூட்ஸின் அடிப்பள்ளம் இரும்பின் மிதிக்கிற கம்பியைக் கவ்விக்கொண்டது. இட்ரிஸ் இழுத்தான். மறுபடி இழுத்தான். பீப்பாயே ஆடியது, கால் அசையவில்லை. அவள் தலைகீழாகக் கொட்டகைக் கூரையைப் பார்த்தபடி தொங்கினாள்.

அவன் பட்டையை விட்டுவிட்டான். தொங்கிக்கொண்டே பொய் சொல்வது யாருக்கும் கஷ்டம்தான். ஆறு மாதமாக டாக்டரிடம், டில்லியிடம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடம், இவனிடம் எல்லாம் சவாரி பூட்ஸ் போட்டிருந்தேன், குதிரைதான் மிரண்டுவிட்டது என்று சொன்னவள் அவள். முப்பத்தொரு வருஷ அனுபவசாலி சாணி பூட்ஸோடு ஏறினாள் என்றால் இந்தப் பக்கத்து ஊர்களில் தலைகாட்ட முடியுமா? பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யாத வேலை.

"அன்னைக்கு இதைத்தான் போட்டிருந்தேன்" என்றாள். "சந்து முனை வரைக்கும்தானேன்னு மாத்தாம ஏறிட்டேன்."

"தெரியும்."

அவன் குனிந்து, ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறு கையால் பூட்ஸிலிருந்து காலை மெதுவாக உருவினான். பூட்ஸ் இரும்பிலேயே தொங்கியது.

"அன்னைக்கும் இப்படித்தான் உருவினேன். உனக்கு நினைவில்ல, மயங்கிக் கிடந்த. நான் ஓடி வந்தப்போ குதிரை ஆடாம அசையாம நின்னுட்டிருந்துச்சு. நாலு எட்டுதான் நகர்ந்திருக்கும், சேத்துல தடம் கிடந்துச்சு. அது நின்னதாலதான் நீ இருக்க."

"அப்ப ஏன்யா அதை விக்கிறேன்னு நின்ன?"

"அதுக்குப் பயந்து இல்ல. உன் தப்பை நீயே ஒத்துக்கலேன்னா, திரும்பவும் அதே தப்பைப் பண்ணுவ. அப்ப எந்த இரும்பு வந்து காப்பாத்தும்?"

அவள் வைக்கோலில் உட்கார்ந்து அழுதாள். வெட்கம்தான், வலி இல்லை. பேச வாயில்லாத ஒரு ஜீவன் மேல் பழியைப் போட்டுவிட்டு, அதற்குத் தினமும் இரண்டு வேளை தீனியும் வைத்திருக்கிறாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. இட்ரிஸ் சமாதானம் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, லட்லோ ஆளின் எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினான். பேச வேண்டியவள் அவள்தான் என்று அவளுக்கும் தெரிந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கினாள். மறுமுனையில் அந்த மனிதர், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.

"வர வேணாங்க" என்றாள் நெரிஸ். "குதிரையைப் பத்தி உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டோம். அது யாரையும் இழுத்துட்டுப் போகல. சாணி பூட்ஸோட ஏறினது நான். நான் விழுந்ததும் அது நின்னுடுச்சு. இதை நீங்க யார்கிட்ட வேணா சொல்லிக்கங்க. ஞாயித்துக்கிழமை நானும் எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."