ஐந்நூறு சொற்களுக்குள் அப்பா

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தாள். அப்பா அதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக விரிப்புகளைத் துவைக்கிறார். தங்கைக்கு ஓர் ஆய்வு உதவித்தொகை தேவைப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சிப் பக்கமே தலைகாட்டாத குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்கியது. மூன்று வருடம் சம்பளத்தோடு படிப்பு. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் பின்னணியை ஐந்நூறு சொற்களுக்குள் எழுதவும்.’

வீட்டில் எழுத்தாளன் என்று ஒருவன் இருக்கும்போது சும்மா இருப்பானா?

2

முதல் தொடக்கம்: “இருண்ட சலவைக்கூடத்தின் ஈரச் சுவர்களுக்கிடையே ஒரு தந்தையின் —”

(நிறுத்திவிட்டேன். சலவைக்கூடத்தில் ஆறு பெரிய சன்னல்கள். வெளிச்சம் கண்ணைக் கூசும்.)

இரண்டாம் தொடக்கம்: “ஒரு நாள், அழுக்கு விரிப்புக்குள் யாரோ விட்டுவிட்ட ஊசி, கையுறையைத் துளைத்து —”

இது அப்பாவுக்கு நிஜமாகவே நடந்தது. அடுத்த ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை மேல் பரிசோதனை. கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. என் பேனாவுக்குத்தான் அந்த ‘ஒன்றுமில்லை’ பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு நோயைக் கொடுத்துவிட்டேன்.*

* கல்லீரலில். நன்றாக வந்திருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

3

தங்கை படித்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தாள்.

“அண்ணே, என்ன இது?”

“கொஞ்சம் உருக்கமா இருக்கட்டுமேன்னு…”

“உயிரோட நல்லா இருக்கிற மனுஷனை நோயாளி ஆக்கி வச்சிருக்க!”

“படிக்கிறவங்க மனசு இளக வேண்டாமா?”

“இளகி? நான் என்ன பிச்சையா கேக்குறேன்? எனக்கு ஒரு கேள்வி இருக்கு, அதுக்குப் பதில் தேடத்தான் கேக்குறேன்.”

அவளே எழுதினாள். அவள் அனுமதியோடு ஒரு பகுதி:

‘எங்கள் மருத்துவமனையில் யாருக்காவது ஊசி குத்தினால் குறித்துவைக்க ஒரு பதிவேடு உண்டு. மருத்துவர், செவிலியர், மாணவர் என்று மூன்று கட்டங்கள். சலவைப் பிரிவுக்குக் கட்டம் இல்லை. ஆகவே, பதிவேட்டின்படி, சலவைப் பிரிவில் எவருக்கும் ஊசி குத்துவதே இல்லை.’

மொத்தம் இருநூற்றுச் சொச்சம் சொற்கள். மீதியைக் காலியாக விட்டுவிட்டாள். 

4

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அங்கே ஒரு வில்லன் இருந்தால் கதைக்கு நல்லது. வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவரை அந்த வேலைக்கு வைத்தும் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“உங்க அப்பாவே அங்க வேலை பாக்குறாரு. எத்தனை தடவை ஊசி குத்துச்சுன்னு உங்ககிட்ட உண்மையைச் சொல்வாரா?”

“மாட்டாரு சார். நாங்க பயந்துடுவோம்னு மறைச்சிடுவாரு.”

“அப்புறம்?”

“அதனால எங்க ஆஸ்பத்திரியில நான் யாரையும் கேக்கப்போறதில்ல. வேற ஒருத்தங்க கேப்பாங்க. எனக்கு யாரோட பேரும் வராது, சேர்த்துக் கூட்டின கணக்குதான் வரும்.”

அவர் பக்கத்திலிருந்த அம்மாளிடம், “இதைக் குறிச்சுக்குங்க” என்றாராம்.

ஆனாலும் காத்திருப்புப் பட்டியலில்தான் வைத்தார்கள். முதல் பெயர், இருந்தாலும் பட்டியல் பட்டியல்தான். ஆய்வக வேலை மாதக் கடைசியில் முடிகிறது. தங்கை ஒரு தனியார் ரத்தச் சேகரிப்பு மையத்தில் திங்கட்கிழமை சேர ஒப்புக்கொண்டாள். அங்கே போனால் ஆராய்ச்சிக்குத் திரும்புவது நடக்காத காரியம். அது அவளுக்கும் தெரியும். நான் சோக முடிவை நான்கு பக்கம் எழுதி முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் கைபேசி அடித்தது. தேர்வானவர்களில் ஒருவர் வேறு இடம் கிடைத்து விலகிக்கொண்டார். (அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.) தங்கை ஆய்வகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சலவைப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

“என்னது? கிடைக்கலையா?” துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் அப்பா கத்தினார்.

“கிடைச்சிருச்சுப்பா!”

“என்ன?”

“கிடைச்சிருச்சு!”

மாடியில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.  போனில் அப்பாவின் குரல், வேறு யாரிடமோ: “ஏம்பா, எல்லா மெஷினையும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க.” நிறுத்தினார்கள். “ம், இப்ப சொல்லும்மா. இன்னொரு தடவை சொல்லு.”

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். எழுதியதைக் கிழித்துவிட்டு இவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஆய்வு தொடங்கிவிட்டது.

சலவைப் பிரிவில் பேட்டியெடுக்க வேறொரு ஊரிலிருந்து இன்னொரு பயிற்சி ஆய்வாளர் வந்தார். முதலில் அழைக்கப்பட்டவர் அப்பா. கதைக்கு ஏதாவது தேறுமா என்று நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஊசிதானே?

நாற்பது நிமிடம் ஆயிற்று.

“என்னப்பா இவ்வளவு நேரம்?”

“அந்தப் பொண்ணு நல்லா கேக்குதுடா. இத்தனை வருஷத்துல இதை ஒருத்தரும் கேட்டதில்ல.”

“எத்தனை தடவை குத்துச்சுன்னு சொன்னீங்க?”

“அதான் உள்ள சொல்லிட்டேனே” என்றார். பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர் மாதிரி கையை உதறிக்கொண்டு, “வா, டீ குடிக்கலாம்” என்று முன்னால் நடந்தார்.

பத்து நாள் கழித்து ஆய்வுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு அவர் கைக்கு வந்தது. ஒன்றுமில்லை. அதை மட்டும் எங்கள் எல்லோருக்கும் காட்டினார். தங்கை அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மொத்தம் எத்தனை தடவை குத்தியது என்று அவளிடம் கேட்டேன்.

“எனக்கே தெரியாதுண்ணே. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது.”

“கதைக்கு முடிவு வேணுமே?”

“அது உன் பாடு.”

என் பாடுதான். ‘அப்பாவுக்கு ஊசி குத்தியது மொத்தம் —’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்று என்று போட்டால் சிறியதாகத் தெரிகிறது. முப்பது என்று போட்டால் உடனே அடித்துவிடுகிறேன். வேண்டுமானால் நீங்கள் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடப்போவதில்லை. அவர் சொல்லிவிட்டார், கேட்டவர் எழுதிக்கொண்டார்.